நாக்கு நீட்டிய சூரியன்

அத்தியாயம் நான்கு

“கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க! ஒரு அடி உள்ள வெச்சா நாயை அவுத்து விட்டுருவேன்!”

பெர்ன்ஹில் பங்களாவின் படியில் நின்று இப்படி வரவேற்றவர் லிங்கசாமி. தேயிலைத் தோட்டத்து முதலாளி. பங்களாவுக்குக் கீழே சரிந்து இறங்கிய தோட்டம், அதன் நடுவில் தொழிலாளர்கள் குடியிருந்த லயம், அதற்கும் அப்பால் தெரிந்த மேகம், எல்லாமே தன் பேரில் பட்டா ஆகியிருப்பதாக நினைக்கிற மனிதர்.

ஆறுக்குட்டி நாயைத் தேடினான். அது படிக்கட்டில் வெயில் காய்ந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“அவுத்து விடறதுக்கு முன்னால எழுப்பணுமுங்க. நாங்க வேணும்னா அஞ்சு நிமிஷம் காத்திருக்கறோம்,” என்றான்.

“ஆறு, வாயை மூடு,” என்றாள் கனகமணி.

கனகமணி கோயம்புத்தூரில் இருபது வருஷம் வக்கீல்களுக்கு டைப் அடித்தவள். ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் மூன்று காப்பி எடுத்து எடுத்து, பொய் எப்படி நடக்கும் எப்படி நொண்டும் என்று கற்றுக்கொண்டவள். இப்போது குன்னூரில் ஒரு வர்க்கி பிஸ்கட் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஆறுக்குட்டி அவளுடைய உதவியாளன். நடுவட்டம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஒரு பெரிய அதிகாரியிடம் சில்லறை பற்றிச் சொன்ன நாலு வார்த்தையால் அந்த வேலையைத் தொலைத்தவன். வேலை போனதே தவிர வாய் போகவில்லை.

“உங்க சம்சாரம் கூப்பிட்டதுனால வந்தமுங்க,” என்றாள் கனகமணி.

லிங்கசாமியின் முகம் கறுத்தது. “அவளுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. திருடி கெடைச்சாச்சு. போலீஸ் உள்ள இருக்குது. உங்களுக்கு இங்க சோலி இல்லை.”

அவருக்குப் பின்னால் கதவருகே வெளிர்நீலப் புடவையில் ஒரு பெண் வந்து நின்றாள். சுசீலா. காலையில் போனில் அவள் சொன்னது ஒரே வரிதான்: “வந்து அந்த வட்டத்தைப் பாருங்க, அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.” இப்போது அவள் கதவின் இன்னொரு பலகையையும் திறந்து விட்டாள், அவ்வளவுதான். கட்டியவளைப் போலீசுக்கு முன்னால் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? லிங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

உள்ளே கூடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள் ராக்கம்மா. ஐம்பது வயது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, இந்தத் தோட்டத்து லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை கிடைத்துக் குடியேறி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதில் ஆறு வருஷம் பங்களா வேலை. அவளுக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பன்னெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்,” என்றார் அவர். “இப்ப பதினொண்ணேகால். எதாச்சும் கண்டுபிடிக்கறதா இருந்தா சீக்கிரம் கண்டுபிடிங்க. கண்டுபிடிக்க ஒண்ணுமில்லைங்கறது என் அபிப்பிராயம்.”

“நான் களவெடுக்கலீங்க தொரசாணி,” என்றாள் ராக்கம்மா, சுசீலாவைப் பார்த்து. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. “கோர்ட்டுக்குப் போனா காம்பராவையும் புடுங்கிருவாங்க. மகனும் மருமகளும் எங்க போவாங்க? திரும்பக் கப்பலா ஏறுறது?”

“நடிப்பைப் பாரு!” என்று உறுமினார் லிங்கசாமி.

ஆறுக்குட்டிக்குச் சுருக்கென்றது. கோபம் அவனுக்குப் பசியோடு சேர்ந்துதான் வரும். காலையில் தின்ற ரெண்டு வர்க்கி எப்போதோ கரைந்திருந்தது.

“வட்டம் எங்கீங்க?” என்று கேட்டாள் கனகமணி.

கூடத்தை ஒட்டிய அறைதான் லிங்கசாமியின் புகழ் குடியிருந்த இடம். சுவரெல்லாம் மெக்ஸிகோ. அஸ்டெக் மக்களின் ஓவிய ஏடுகளைப் பார்த்து வரைந்த படங்கள், எரிமலைக் கண்ணாடியில் செதுக்கிய கறுப்புக் கத்தி, பச்சை இறகு விசிறி, பாம்பையே பாவாடையாகக் கட்டிய ஒரு பெண்தெய்வத்தின் மண்சிலை. வாசலருகே மேஜையில் ஒரே புத்தகம் முப்பது பிரதி அடுக்கியிருந்தது. ‘சூரியனுக்கு ஊட்டியவர்கள், ஆசிரியர்: லிங்கசாமி.’ வருகிறவர்கள் கையில் ஒன்று திணிக்காமல் அவர் யாரையும் அனுப்பியதில்லையாம்.

எதிர்ச் சுவரில் நாலடி அகலத்துக்கு ஒரு மரவட்டம். அதன் நடுவை ஒட்டிச் சுற்றிலும் பித்தளை ஆணிகளில் இருபது பச்சைக்கல் வில்லைகள் மாட்டியிருந்தன. நடுவில் மட்டும் வெறும் குழி.

“அவங்க மாசத்துக்கு இருவது நாள்,” என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். காலையிலிருந்து இதை நாலு தடவை கேட்டுவிட்டார் போலிருந்தது. “ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உருவம். முதலை, பல்லி, நாய், குரங்குன்னு.”

“எங்க ஊட்டு மாப்பிள்ளை பார்க்கற படலம் மாதிரி இருக்குதுங்க,” என்றான் ஆறுக்குட்டி.

“நடுவுல அவங்க சூரிய சாமி முகம். நாக்கை நீட்டிட்டு இருக்கும். நாக்குதான் கத்தி. ரத்தம் கேக்குற சாமி. அதைத்தான் காணோம். நேத்து ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஐயா கிளப்புக்குப் போயிருக்கார், அம்மா குன்னூர்ல ஒரு கல்யாணத்துக்கு. ஊட்ல இருந்தது இவ ஒருத்திதான். நாலு மணிக்கு ஐயா வந்து பார்த்தா குழி காலி. இன்னிக்கு நாலு மணிக்கு மெக்ஸிகோவுல இருந்து ஒரு பேராசிரியை இதைப் பார்க்கத்தான் வர்றாங்க.”

“என் மானம் போகுது!” என்றார் லிங்கசாமி. “காலையில பேர் கூப்பிடற பெரட்டுல, கொழுந்து பறிக்கப் போறவங்க அத்தனை பேரு முன்னாலயும் இவ திருடின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒருத்திக்குக் குடுக்கற அடியில நூறு பேருக்குப் புத்தி வரணும்.”

கனகமணி வட்டத்துக்கு அருகே போய், உச்சியிலிருந்த முதலை வில்லையைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை மையில் ‘1’ என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் அடுத்ததைத் திருப்பினாள். ‘2’. அதற்கடுத்தது ‘3’.

“ஆறு, மிச்சத்தையும் பாரு.”

ஆறுக்குட்டி டிக்கெட் சரிபார்க்கிற வேகத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனான். “நாலு, அஞ்சு, ஆறு... எல்லாம் வரிசையா வலமாப் போகுதுங்க்கா. பத்தொம்பது, இருவது. ஒரு ஆளும் டிக்கெட் இல்லாம ஏறலை.”

“இன்ஸ்பெக்டர் சார், நடுவுல இருக்கற முகம் எப்படிக் கழலும்?”

“இருவதையும் கழட்டணும். வில்லை ஒவ்வொண்ணும் அதோட விளிம்பைப் புடிச்சிட்டிருக்கும்.”

“அப்ப திருடன் இருவதையும் கழட்டியிருக்கறான். முகத்தை எடுத்திருக்கறான். அப்புறம் இருவதையும் நின்னு நிதானமா, நம்பர் தப்பாம மாட்டிட்டுப் போயிருக்கறான். எடுத்தமா ஓடுனமான்னு இருக்கறவன் இதைச் செய்வானுங்களா? அடுத்தவன் பொருளைத் தரையில போட்டுட்டுப் போறதுக்குத் திருடனுக்கு என்ன மனவருத்தம்?”

“அதனாலதான் இவதான்னு சொல்றேன்,” என்றார் இன்ஸ்பெக்டர் விடாமல். “ஆறு வருஷமா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கழட்டித் தொடைச்சு மாட்டற கை. பழக்க தோஷம். கை தானா மாட்டிருச்சு.”

நல்ல வாதம்தான். கனகமணியோ புத்தக அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த பிரம்பு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். சுவர்க்கடிகாரம் பதினொன்றரை அடித்தது.

“இது என்ன லைப்ரரியா?” என்று கத்தினார் லிங்கசாமி. “படிக்கவா வந்தே?”

“உங்க புத்தகமுங்க. நல்லா எழுதியிருக்கறீங்க. விட மனசு வரலை.”

தேளுக்குத் தேன் கொடுத்தது போல அவர் ஒரு கணம் திணறினார். திட்டுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் துண்டைச் சரி செய்துகொண்டார். வாசலில் நின்ற சுசீலா தரையைப் பார்த்தாள். ஆறுக்குட்டி அதைக் கவனித்தான். புருஷனைப் புகழ்ந்தால் பெண்டாட்டி முகம் மலரும், அல்லது பொய்யாகவாவது சிரிக்கும். இந்த அம்மாளோ வலி பொறுக்கிற முகத்தோடு நின்றாள்.

பத்து நிமிஷம் கழித்துக் கனகமணி எழுந்தாள். புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் பிடித்திருந்தாள்.

“சார், கைதானே சாட்சி? அந்தக் கையையே கேட்டுருவோம். ராக்கம்மா, இங்க வாங்க. ஆறு, இருவதையும் கழட்டி மேஜை மேல கலைச்சுப் போடு.”

“நேரம் போகுது!” என்றார் லிங்கசாமி.

“பன்னெண்டுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்குதுங்க,” என்றான் ஆறுக்குட்டி. “நாளுக்கு ஒரு நிமிஷம். அந்த ஊர்க் கணக்குப்படி ஒரு மாசம்.”

ராக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜை முன்னால் நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வில்லைகளின் பின்பக்கம் அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தே எடுத்தாள். முதலையை உச்சியில் மாட்டினாள். பிறகு அலகு வைத்த மூஞ்சி ஒன்றை எடுத்தாள். அது காற்று. அதை முதலைக்கு இடப்பக்கம் மாட்டினாள்.

அடுத்து வீடு. அதுவும் இடப்பக்கம். பல்லி. பாம்பு. கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. வட்டம் இடது பக்கமாகக் கீழே இறங்கியது.

“நிறுத்து!” என்றார் இன்ஸ்பெக்டர். “மாத்தி மாட்டறியே?”

“இல்லீங்க தொரை, இப்புடித்தான். இந்தச் சாமிக்கு இடஞ்சுத்துதான்.”

லிங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. நாலே எட்டில் வந்து அவள் கையிலிருந்த வில்லையைப் பிடுங்கினார். “மூதேவி! ஆறு வருஷமா இப்படித்தான் தலைகீழா மாட்டித் தொலைச்சியா? எந்த ஊர்லடி சாமி காரியம் இடமாச் சுத்தும்? கோயிலை நீ இடமாவா சுத்தறே?” முதலையை விட்டுவிட்டு, அவள் மாட்டிய மற்ற நாலையும் சடசடவென்று கழற்றினார். பின்பக்கம் திருப்பி எண்ணைப் பார்த்தார். முதலைக்கு வலப்பக்கம் ‘2’ என்று இருந்ததை மாட்டினார், ‘3’ மாட்டினார், ‘4’ மாட்டினார். “இப்படி! வலம்! கொழந்தைக்கும் தெரியும் இது!”

கனகமணி பிடித்திருந்த பக்கத்தைத் திறந்தாள். வக்கீலுக்குப் படித்துக் காட்டுகிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“‘அவர்களுடைய இருபது நாள்களும் வட்டத்தில் இடஞ்சுற்றாகவே வரும். நம் கண்ணுக்கு அது ஒவ்வாது. வலம் வந்தே பழகிய கால்கள் நமக்கு. ஆகவே அஸ்டெக் கலையைப் பார்க்க வருகிற தமிழர் முதலில் தம் பழக்கத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டும்.’ அறுபத்தோராம் பக்கம். ஆசிரியர் நீங்கதானுங்க.”

இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து புத்தகத்தை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். பிறகு சுவரில் பாதி ஏறிய வலஞ்சுற்று வட்டத்தைப் பார்த்தார்.

“அச்சுப் பிழை,” என்றார் லிங்கசாமி.

“மூணு வரிக்கும் சேர்த்தா?” என்றான் ஆறுக்குட்டி.

“ராக்கம்மா கை இடமாப் போகுது,” என்றாள் கனகமணி. “நேத்து இதை மாட்டுன கை வலமாப் போயிருக்குது. படம் தெரியாம, நம்பர் பார்த்து மாட்டுன கை. நீங்க இப்ப மாட்டுனீங்களே, அதே மாதிரி. நாலு மணிக்குத் தனியா வந்து குழி காலின்னு சொன்னதும் நீங்கதானுங்க. இந்த ஊட்ல வட்டம் எப்படிப் போகும்னு தெரியாத ஒரே ஆளு, அதைப் பத்திப் புத்தகம் எழுதுன ஆளுங்களா?”

“ஏய்! யார்கிட்டப் பேசறேன்னு தெரியுதா?”

“தெரியாமத்தான் கேக்கறேனுங்க. உங்க புத்தகத்துலயே இன்னொரு எடம். சூரியன் தானா நடக்காது, யாராச்சும் தங்களோட ரத்தத்தைக் குடுத்தாத்தான் நகரும்னு அந்த சனங்க நம்புனாங்களாமா. இந்த ஊட்டுச் சூரியனுக்கு இத்தனை வருஷமா ரத்தம் குடுத்தது யாருங்க?”

“சுசீலா, உள்ள போ!” என்றார் லிங்கசாமி.

அவள் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவராகவே சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

சுசீலா உள்ளே போகவில்லை. அறைக்குள் வந்தாள்.

“அறுபத்தோராம் பக்கம் நான் எழுதுனதுங்க,” என்றாள். “அறுபதும் நான்தான். எல்லாப் பக்கமும் நான்தான். எங்கப்பா மெக்ஸிகோவுல தூதரகத்துல குமாஸ்தாவா இருந்தாரு. பத்து வயசுல போனேன், இருபதுல திரும்பி வந்தேன். அங்க ஒரு கிழவர்கிட்ட இந்தப் படங்களைப் படிக்கக் கத்துக்கிட்டேன். நான் கிளம்பறப்ப அவர் செதுக்கிக் குடுத்ததுதான் இந்த வட்டம். ராக்கம்மாளுக்கு மாட்டச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். இவர் இதை ஒருநாளும் தொட்டதில்லை. வர்றவங்களுக்குக் கையை நீட்டிக் காமிக்கறதோட சரி.”

“சுசீலா!”

“இருங்க. பேசறதுக்கே இருபது வருஷம் ஆயிருக்குது.” அவள் அந்தப் புத்தக அடுக்கைக் காட்டினாள். “பொம்பளை பேருல போட்டா யாரு வாங்குவாங்கன்னு சொன்னீங்க. சரின்னேன். மேடையில நீங்க பேசுனீங்க, நான் எழுதிக் குடுத்தேன். அதுக்கும் சரின்னேன். அந்த முகத்துக்குப் பின்னால என் குரு எம் பேரைச் செதுக்கியிருக்கறாரு. இப்ப வர்ற அம்மாவும் அவர்கிட்டப் படிச்சவங்க. பின்பக்கத்தையும் போட்டோ எடுக்கணும்னு லெட்டர் போட்டிருந்தாங்க. அந்த லெட்டர் வந்த நாள்ல இருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், காலையில இவளை ஜீப்புல கூட்டிட்டு வர்றப்பக்கூட வாயைத் தொறக்க எனக்குத் தைரியம் வரலை. பாவி நானு.”

ராக்கம்மா சுசீலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது.

“முகம் எங்க இருக்குதுங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும்? ஊடு பூரா நீங்கதானே தேடுனீங்க!” என்றார் லிங்கசாமி.

“ஊடு பூராவா?” என்றாள் கனகமணி. “சார், பூசை அறையில?”

இன்ஸ்பெக்டர் சங்கடமாகத் தன் பூட்ஸைப் பார்த்தார். “வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தோம். இந்த பூட்ஸைக் கழட்டி மாட்டக் கால் மணி ஆகும். சாமி இருக்கற எடத்துல திருடி வெப்பாளான்னு...”

“திருடி வெச்சிருக்க மாட்டா. பூட்ஸ் போட்டவங்க உள்ள வரமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்க வெச்சிருப்பாங்க.”

ஆறுக்குட்டி அதற்குள் செருப்பை உதறியிருந்தான். லிங்கசாமி குறுக்கே வந்தார். “கண்ட பயலும் என் பூசை அறைக்குள்ள...” இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். லேசாகத்தான் வைத்தார். அவர் நின்றுவிட்டார்.

பூசை அறையில் சாமி மாடத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. பட்டு வேட்டிகள் மடித்து வைக்கிற பெட்டி. புதுப் பூட்டு தொங்கியது. ஆறுக்குட்டி பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். கீல் ஆணிகள் துருப்பிடித்து ஆடின. கண்டக்டர் வேலையில் ஆணி கழன்ற ஸீட்டுகளோடு பழகியவனுக்கு ஒரு நிமிஷம் போதும். மூன்றாவது வேட்டிக்குள் கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

பிரித்தான். பச்சைக்கல் முகம் ஒன்று கத்தி நாக்கை அவனைப் பார்த்து நீட்டியது. “நானும் காலையில இருந்து பட்டினிதானுங்க சாமி,” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

கனகமணி அதைத் திருப்பினாள். ஸ்பானிய மொழியில் இரண்டு வரி. இன்ஸ்பெக்டரால் அதில் ஒரு சொல்லைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. “சுசீலா” என்றார்.

லிங்கசாமி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கையை ஆட்டினார்.

“சரி, கெடைச்சிருச்சல்லோ. என் ஊடு, என் பொருளு, எங்கயோ வெச்சு மறந்துட்டேன். கேஸ் ஒண்ணும் வேண்டாம். ராக்கம்மா, நீ போ. நாளைக்கு வேலைக்கு வந்துரு. நடந்தது நடந்து போச்சு.”

“பொய்ப் புகார் குடுத்ததுக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பார்க்கலாமுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர் கசப்போடு. “நீ ஊட்டுக்குப் போலாம்மா.”

ராக்கம்மா அசையவில்லை.

“போலாம்னு சொல்றாங்கல்ல?” என்றார் லிங்கசாமி.

“எங்க தொரை போறது?” என்றாள் ராக்கம்மா. கம்மிய குரல்தான், ஆனால் இப்போது அதில் அழுகை இல்லை. “காலையில பெரட்டுக் களத்துல நிக்க வெச்சு, நூத்தியிருவது பேருக்கு முன்னால கள்ளின்னு சொன்னீங்க. எம் மருமக நின்னா. கல்யாணமாகி வந்து மூணு மாசங்கூட ஆகல அவளுக்கு. நான் தனியாப் போயி, நான் எடுக்கலன்னு நானே சொன்னா யாரு நம்புவா? நீங்க வந்து சொல்லுங்க. சொன்ன எடத்துலயே நின்னு சொல்லுங்க.”

“என்னடி, திமிரா?”

“மத்தியானச் சோத்துக்கு முன்னால கொழுந்தெல்லாம் நிறுத்து வாங்குற நேரம். எல்லாரும் களத்துலதான் இருப்பாங்க.”

“சரி, நீ எடுக்கலைன்னு நாளைக்குச் சொல்லிடறேன். போதுமா?”

“போதாதுங்க,” என்றாள் ராக்கம்மா. “யாரு எடுத்தாங்கன்னும் சொல்லணும். இன்னைக்கே.”

ஆறுக்குட்டிக்கு வாயில் ஏதோ ஒரு கிண்டல் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினான்.

“ஜீப் வாசல்லதான் நிக்குதுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து. “ஏறுங்க.”

லிங்கசாமி மனைவியைப் பார்த்தார். இருபது வருஷமாக எந்த மேடையில் எந்தக் கேள்வியில் சிக்கினாலும் அவர் திரும்பிப் பார்த்த அதே திசை. “சுசீலா... நீயாவது சொல்லேன். நீ வந்து ரெண்டு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க. என்ன பேசறதுன்னாச்சும் சொல்லிக் குடு.”

சுசீலா மேஜையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

“நான் வரலைங்க,” என்றாள். “நாலு மணிக்கு எனக்கு விருந்தாளி வர்றாங்க.”

ராக்கம்மா படியிறங்கிப் போய் ஜீப்பின் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. லிங்கசாமி பின்னால் ஏறினார்.